மூன்றா எட்டா

பழைய எஞ்சின்களின் எண்ணைப் படித்துச் சொல்பவர் என்பதால் அவருக்கு நம்பர்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இளவயதில் காயலான் கடையில், உடைக்க வந்த எஞ்சின்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து தானாகப் பிடித்துக்கொண்டது. எந்தத் தொழிற்சாலை எந்த மூலையில் எண்ணை அடிக்கும், அதன் மூன்றுக்குத் தலை வளைவா தட்டையா என்பதெல்லாம் அத்துப்படி. எஞ்சின் வண்டியோடு பிறந்ததா, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று கேட்க ஆட்கள் அவர் பட்டறையைத் தேடி வருவார்கள். ஊரார் கார்களுக்கெல்லாம் ஜாதகம் பார்த்தவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ஸ்கூட்டர்.

ஆசைப்பட்டது ஒரே ஒரு காருக்கு. டாக்டர் வீட்டுக் கொட்டகையில் போர்வை மூடி நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. டாக்டர் ஒருமுறை போர்வையை விலக்கிக் காட்டினார். கதவோரத் தகட்டில் தொழிற்சாலை பொறித்திருந்த எஞ்சின் எண் அன்றே மனதில் பதிந்துவிட்டது. டாக்டர் காலமான பிறகு, பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்று நம்பர்காரர் வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருந்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கும் சகலைக்கு அந்தக் கூச்சமே கிடையாது. போனார், வாங்கினார், ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அதே கார் பட்டறை வாசலில். சகலை நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, எஞ்சின் ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்லுங்க. பழைய கார் கிளப்புல கேக்குறாங்க. வேற எஞ்சின்னா எனக்கு வேணாம். நான் வாங்கின விலைக்கே நீங்க எடுத்துக்குங்க.”

நம்பர்காரர் எஞ்சின் மூடியைத் தூக்கினார்.

அவர் வழக்கம் ஒன்று உண்டு. எஞ்சின் எண்ணை முதலில் படித்துவிட்டுத்தான் தகட்டைப் பார்ப்பார். தகட்டை முதலில் பார்த்தால் கண் தனக்கு வேண்டியதைப் படித்துவிடும். இன்று அந்த வழக்கத்துக்கு வேலையில்லை. தகடு மனப்பாடம்.

மண்ணெண்ணெய் விட்டு அழுக்கைத் துடைத்து, காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எல்லாம் தகட்டில் உள்ளபடியே. கடைசி இலக்கத்தில் மட்டும் இடப்பக்கத்தைத் துரு தின்றிருந்தது. மூன்றா, எட்டா? தகட்டில் எட்டு. மூன்று என்றால் இது வேறு எஞ்சின், கார் அவருக்கு.

காகிதத்தைப் பார்த்தார். மூன்று. வெளிச்சத்தில் திருப்பினார். அப்போதும் மூன்று. இவ்வளவு சீக்கிரம் மூன்று வந்ததுதான் அவருக்கு உறுத்தியது.

பட்டறையை ஒட்டித்தான் வீடு. காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் நீட்டினார்.

“கடைசி நம்பர் என்னன்னு படி.”

“யாரோட வண்டிங்க? தங்கச்சி வீட்டுதா?”

“யாரோடதா இருந்தா என்ன. படி.”

“எது வந்தா நமக்கு நல்லது?”

“அப்படிப் படிக்கக் கூடாதுடி.”

“நேத்து அந்தக் கார்ல வந்து இறங்கினவ, தெருவே பாக்கட்டும்னு கதவைக்கூடச் சாத்தாம நின்னா. நீங்க எதைச் சொல்றீங்களோ அதைப் படிக்கிறேன்.”

வீட்டில் இரண்டு ஜோடிக் கண்ணும் ஒரே லட்சணத்தில் இருந்தன. அவர் திரும்பி வந்து மெழுகை இளக்கி எண்ணின் மேல் அழுத்தினார். துரு மேல் விளிம்பைத் தின்றாலும், அடித்த அடியின் ஆழம் உள்ளே மிச்சமிருக்கும். ஆறியதும் பிய்த்தெடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். மெழுகில் இடம் வலமாக மாறியிருக்கும். இடப்பக்கம் இரண்டு மேடு. துரு தின்ற பக்கமான வலப்பக்கம், மெலிதாக, இன்னும் இரண்டு. மறுபடி தடவினார். மேடு கரையவில்லை.

“எட்டு.”

“அப்படின்னா?”

“வண்டியோட பொறந்தது.”

சகலை எழுந்து அவர் தோளைத் தட்டினார். “எனக்கு அப்பவே தெரியும்ணே. நான் தொட்டது எது தப்பாப் போயிருக்கு?”

காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். நம்பர்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு கார்புரேட்டரில் ஒன்று காற்றைக் குறைவாக இழுக்கிறது. ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதும், சத்தம் சீராகிவிடும். ஸ்க்ரூடிரைவர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

“சத்தம் எப்படிண்ணே இருக்கு?”

“ஜோரா இருக்கு” என்றார் நம்பர்காரர்.