பாலத்தடியில் தண்ணீர் விளையாட்டு

நேற்று என் பேத்தி தோழிகளோடு மலாக்கா ஆற்றில் கயாக் ஓட்டிவிட்டு, நனைந்த தலையோடு வந்து நின்றாள். பாலங்களுக்கு அடியில் புகுந்து போனது அப்படியொரு குஷியாம். அவளை அதட்டினேன். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

நாடு சுதந்திரம் பெற்ற சமயம். எனக்கு ஏழு வயது. ஆற்றின் மேற்பக்கம் காஜா பேராங்கில் இருந்தோம். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சிறு படகை இரவல் வாங்கினார். கீழே ஆற்று வளைவில் இருக்கும் மலாய்க் கிராமமான கம்போங் மோர்த்தனில் வீட்டுக்கு வீடு பறக்கும் கொடிகளை ஆற்றிலிருந்தே காட்டுகிறேன் என்றார். அம்மாவிடம் கடைக்குப் போவதாகச் சொன்னோம்.

போகும்போது தாழ்ந்த மரப்பாலத்துக்கு அடியில் தலையைக் குனிந்தால் போதுமாயிருந்தது. வளைவு திரும்பியதும் தூண்கள்மேல் நிற்கும் பழைய மலாய் வீடுகள், படியெல்லாம் பூத்தொட்டிகள், எங்கும் கொடிகள்! எழுந்து நின்று கத்தினேன். ஒரு மலாய்க்கார அம்மா கரைக்குக் கூப்பிட்டுப் பலகாரம் கொடுத்தார். கிளம்பும்போது, கடல் ஏறுகிறது, ஆற்றிலும் தண்ணீர் உயரும், இறங்கியபின் போங்கள் என்றார்.

மாமா படகில் ஏறியதும் சிரித்தார். “கடல் எங்கயோ கெடக்கு! எங்க தோட்டத்து ஆத்துல தண்ணி ஒரு பக்கம்தான் போவும்லா.”

திரும்புகையில் துடுப்பே தேவைப்படவில்லை. ஆறு எங்களை மேல்நோக்கித் தள்ளியது. “பாத்தியா பாப்பா, ஆறே வீட்டுல கொண்டாந்து விடுது!”

பாலம் தெரிந்ததும் மாமா துடுப்பை எடுத்து எதிர்த்துத் தள்ளினார்; படகு நிற்கவில்லை. “படு! படு!” உள்ளே நுழைந்த படகின் உயர்ந்த முனை உத்திரத்தில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. படகு விளிம்புக்கும் பாலத்துக்கும் நடுவில் கை நுழையும் இடம்தான் மிச்சம். மாமா ஒரு தகரக் குவளையை என் கையில் திணித்தார்.

“தண்ணிய மொண்டு உள்ள ஊத்து பாப்பா. யாரு நெறைய ஊத்துறாங்கன்னு பாப்போம்.”

வீட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் திட்டு விழும். இங்கே படகு முழுக்க ஊற்றலாம்! மல்லாந்து கிடந்தபடி மொண்டு மொண்டு ஊற்றினேன். மாமா வெறுங்கையால் வாரி உள்ளே ஊற்றினார். “நீங்க தோத்துட்டீங்க மாமா!” என்று கூவினேன். படகு கனத்துத் தாழ்ந்தது. முனை விடுபட்டது. உத்திரங்களை உரசிக்கொண்டே வெளிச்சத்துக்கு வழுக்கி வந்தோம்.

கரை சேர்ந்ததும் மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். “இன்னொரு வாட்டி போலாம் மாமா” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அது வெடவெடவென்று நடுங்கியது.

“அம்மாகிட்ட சொல்லிடாத” என்றார்.

இவ்வளவு பெரிய மனிதர் அம்மாவின் திட்டுக்கு இப்படி நடுங்குகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. “நான் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க” என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.