பால் வாளி ஆன ‘ப’

மண்ணெண்ணெய் நாத்தம்... அதோட அச்சு மையும் கலந்த ஒரு வாடை. சாயங்காலம் சோப்பு போட்டு எவ்ளோ தேச்சாலும் விரல் இடுக்குல இருந்து போகாது.

எண்பதுகள்ல பாலக்கோட்டுல ஒரு பிரஸ்ல கம்போசிங் வேலை பாத்தேன். ஈய எழுத்த ஒண்ணொண்ணா எடுத்துக் கோக்கணும். எல்லாம் இடவலமா மாறி இருக்கும். கொஞ்ச நாள்ல பஸ் போர்டு கூட எனக்கு இடவலமாத் தெரிய ஆரம்பிச்சுது.

ஒரு நாள் கோவிந்தம்மாக்கா வந்தாங்க. பக்கத்து ஊரு பெண்கள் பால் சங்கத்துக்குத் தலைவி. நோட்டீஸுக்கும் போர்டுக்கும் ஒரு சின்னம் வேணும்னாங்க.

“எங்கள்ல பாதி பேருக்குப் படிக்கத் தெரியாதுங்க. பாத்த ஒடனே நம்ம சங்கம்னு தெரியோணும்.”

மொதலாளி, “பண்ணிரலாம்”னு சொல்லிட்டு மறந்துட்டாரு.

எனக்கு மட்டும் அது மண்டையிலயே ஓடிட்டு இருந்துச்சு. போஸ்டருக்கு வெச்சிருந்த பெரிய மர எழுத்துல ‘ப’வ எடுத்து, மை தடவி ஒரு பேப்பர்ல ஒத்தி எடுத்தேன். பாத்தா... மேல தொறந்த பாத்திரம் மாதிரியே இருக்கு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வூட்டுக்கு வந்து, கட்டம் போட்டு அந்த ‘ப’வ பெருசாக்குனேன். அடி மூலைய வளைச்சேன். உள்ள பால் மட்டத்துக்கு ஒரு கோடு. மேல ஒரு கைப்பிடி... அதுல நடுவுல மட்டும் தடிப்பா. எழுத்து வாளி ஆயிருச்சு.

மொதலாளி வாங்கிப் பாத்தாரு. சேலத்துக்குக் கொண்டு போயி, அச்சடிக்கற உலோக பிளாக்கா பண்ணிட்டு வந்தாரு.

சங்கத் திறப்பு விழா. நான் கும்பலுக்குப் பின்னால நோட்டீஸ் குடுத்துட்டு இருக்கேன். மேடையில மொதலாளி மைக் புடிச்சு, “இந்த சின்னம் நானே யோசிச்சு, நானே வரைஞ்சது”ங்கறாரு. சால்வ போத்துறாங்க. கை தட்டுறாங்க.

மறுநாள் கேட்டேன். “ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“என் பிரஸ்ஸு, என் எழுத்து. எழுத்துக் கோக்கறவளுக்கு மேடை எதுக்கு?”

நிமிந்து கூட பாக்கல.

பால் ஊத்துற எடத்துக்குப் போயி கோவிந்தம்மாக்காகிட்ட சொன்னேன். சொல்லும்போதே அழுதுட்டேன். அவங்க அன்னிக்கே மூணு பொம்பளைங்களக் கூட்டிட்டு நேரா பிரஸ்ஸுக்கு வந்துட்டாங்க.

“ஏங்க, நீங்கதான வரைஞ்சீங்க. கைப்பிடி நடுவுல ஏன் தடிப்பா இருக்குது?”

அவரு சின்னத்த உத்துப் பாத்தாரு. “அது... அழகுக்குங்க.”

அந்த நாலு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

“வாளிக் கம்பி உள்ளங்கைய அறுக்குமுங்க. அதுக்கு நாங்க பழந்துணி சுத்திருப்போம். வாளி தூக்குறவளப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். இந்த ஸ்டெல்லா பாத்திருக்குது”ன்னு என்னக் கை காட்டுனாங்க அக்கா.

அப்பவும் அந்த மனுசன் “இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க”ன்னு மிஷின் பக்கம் போயிட்டாரு. கோவிந்தம்மாக்கா சங்கத்து மினிட்ஸ் புக்குல என் பேர எழுத வெச்சாங்க. ஆனா ஊர் பூரா அவரு வரைஞ்சதுன்னுதான் பேச்சு. அத அவரு ஒரு நாளும் மறுக்கல. ரெண்டு மாசத்துல நான் வேலைய விட்டு நின்னுட்டேன்.

போன வாரம் என் பொண்ணு லேப்டாப்ல வேல பாத்துட்டு இருந்தா. ஃபான்ட் ஃபைல்ல இருந்து ஒரு எழுத்த எடுத்து செல்போன் ஆப்புக்கு ஐகான் பண்றாளாம். மூணு கிளிக்... பெருசு, சிறுசுன்னு வரிசையா படம் வந்து விழுது.

“இந்த எழுத்த வரைஞ்சது யாரு?”ன்னு கேட்டேன்.

“ஃபைலுக்குள்ளயே பேரு இருக்கும்மா. அத நாம அழிக்கக் கூடாது”ன்னு தொறந்து காட்டுனா.

ஏதோ ஒரு பொண்ணு பேரு. எந்த ஊரோ, எந்த நாடோ. ரெண்டு தடவ படிச்சேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு.

என் பேரு அந்த மினிட்ஸ் புக்கோட நின்னு போச்சேன்னு வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு.