பக்கம் பூட்டிக்கொள்ளும் முன்

புண் வந்தது எனக்குத் தெரியாது. அக்காதான் மணத்தைப் பிடித்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓட்டோ கூப்பிட ஓடினாள். சின்ன விஷயமில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது.

சுனாமி என்னைக் கல்குடாவில் ஒரு மதிலோடு அடித்தது. கழுத்தில் முள்ளந்தண்டு நாண் (மூளையின் கட்டளைகளை உடம்புக்குக் கொண்டுபோகும் நரம்புக் கட்டு) நசுங்கியது. தோளும் மணிக்கட்டும் அசையும், விரல்கள் அசையா. நெஞ்சுக்குக் கீழே சூடு, வலி, ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து வாழைச்சேனையில் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். உள்ளங்கையில் பென்சிலைக் கட்டிக்கொண்டு கணனியில் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கப் பழகினேன்.

யுத்தம் முடிந்த வருடம் மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனம், வீட்டிலிருந்தே மொழிபெயர்க்க ஆள் தேடியது. முன்பு தனியார் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அக்காவின் தலையில் பாரமாகக் கிடக்காமல் சோற்றுக்கு உழைக்க வேறு வழி தெரியவில்லை. விண்ணப்பத்தை அவர்களுடைய இணையத்தளத்தில்தான் நிரப்ப வேண்டும். ஒரு பந்தியை அங்கேயே மொழிபெயர்த்துக் காட்டவும் வேண்டும். பக்கமோ இருபது நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும். எழுதியது அத்தனையும் போய்விடும்.

விரல் உள்ளவனுக்கு அது தாராளம். எனக்குப் பாதிப் பந்திகூட வராது. அக்கா தான் அடித்துத் தருவதாகக் கெஞ்சினாள். எனக்கோ வீம்பு. வேலை கிடைத்தால் நாளைக்கும் அவளா அடிப்பாள்? சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அடிக்கடி ஒருபக்கம் சரிந்து, பிட்டத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். என்னை அக்காதான் சரித்து விடுவாள். நேரத்தை மிச்சம் பிடிக்க நான் அதை வேண்டாம் என்றேன். நாட்கணக்காக, நாள் முழுக்க ஒரே இருப்பு. பூட்டினால் மறுபடி முதலிலிருந்து.

அழுத்தப் புண் (ஒரே இடத்தில் பாரம் விழுந்து, இரத்தம் ஓடாமல் சதை சாவது) என்றார் வைத்தியர். எலும்புவரை போயிருந்தது. காய்ச்சல் வேறு. குப்புறக் கிடத்தினார்கள். கிருமி இரத்தத்தில் ஏறினால் காப்பாற்றுவது கஷ்டம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பயந்துபோனேன். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

அக்கா நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்து ஏசியிருக்கிறாள். அடுத்த நாள், அந்தத் தளத்தைச் செய்த வவுணதீவுப் பிள்ளை சுகந்தி வார்ட்டுக்கே வந்துவிட்டாள். குப்புறக் கிடந்த எனக்கு அவளுடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் செருப்பைப் பார்த்தே வாய்க்கு வந்தபடி பேசினேன்.

கேட்டுக்கொண்டு நின்றவள் பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இன்டர்நெட் கடையில இருந்து நிரப்புறாக்கள்தான் கனபேர், அண்ணா. திறந்தபடி விட்டுட்டுப் போனா, பின்னால வாறவன் பேர், விலாசம் எல்லாம் பார்ப்பான். இந்தக் காலத்தில அது ஆபத்து. அதுக்குத்தான் பூட்டு வச்சது."

அது எனக்கும் தெரிந்த பயம்தான். விலாசம் விசாரித்து வந்து ஆளைத் தூக்கிப்போன வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு.

"உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும், அண்ணா?" என்று கேட்டாள்.

சுனாமிக்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எது முடியும், எது முடியாது என்றுதான் கேட்பார்கள்.

"எனக்கே தெரியாது பிள்ள. பூட்ட முதல் ஒருக்கா அந்தப் பக்கத்தை என்னட்டக் கேக்கச் சொல்லு," என்றேன்.

புண் ஆற மாதக்கணக்கானது. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. பொறாமையில் வெந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆறிய இடத்துத் தோல் இன்றைக்கும் மெல்லியதுதான். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். உங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் வாய்த்தால், அதன் கடிகாரத்துக்கு உடம்பைக் கொடுக்காதீர்கள். செய்தவரைக் கூப்பிட்டு ஏசுங்கள்.

நிறுவனம் மறுபடி ஆள் தேடியபோது நானும் மறுபடி உட்கார்ந்தேன். பந்தியின் நடுவில் திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது: இன்னும் நேரம் வேண்டுமா? பென்சிலால் ஒரு விசையைத் தட்டினேன். எழுதியது அப்படியே இருந்தது. விம்மி அழுதுவிட்டேன். அக்கா குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்து என்னடா என்றாள்.

"ஒண்டுமில்லக்கா. என்னைச் சரிச்சு விடு. பக்கம் எனக்காக நிக்கும்."