இருசம்மாளின் சந்தை இடம்

புதுமேட்டில் எதற்குமே தோணி வேண்டும். உப்புக்குத் தோணி, விறகுக்குத் தோணி, குடிதண்ணீருக்குத் தோணி, பிள்ளை பெறப் போகிறவளுக்கும் தோணி. செத்தவனைக்கூட அக்கரைக்குத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேட்டில் எங்கே தோண்டினாலும் முழங்கை ஆழத்தில் உப்புத் தண்ணீர் ஊறிவிடும். ஆனாலும் அங்கே குடியேறியவர்களைக் கேட்டால், "ஊட்டுக்கு ஊடு எவ்ளோ தாராளமா எடம் கீது பாரு" என்று மார் தட்டிக்கொள்வார்கள். தாராளத்துக்கு என்ன குறைச்சல், மணல்தானே! ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. தோணி வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கரையோரமாகத் தோணியில் போய் இறங்கினார்கள். கால் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன ஊர் அது.

முன்பு அந்தக் குடும்பங்களெல்லாம் பழவேற்காட்டை ஒட்டிய கரையில்தான் இருந்தன. வாசலில் நின்றால் ஒல்லாந்தர் கோட்டைக் கொடி தெரியும். சந்தைக்குக் கைவீசி நடந்து போய்விடலாம். ஓர் ஐப்பசிப் புயலில் குப்பம் மொத்தமும் அடித்துக்கொண்டு போனது. ஊர்ப் பெரியதனக்காரர் சடையன் ஏரிக்கு நடுவே இருந்த மணல்மேட்டைக் காட்டி, "அங்க போனா அலை வராது, வாங்க" என்று அழைத்தார். பயந்து கிடந்த சனம் பின்னால் போனது. பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புயலில் தப்பிய தோணிகளில் பாதிக்கு மேல் சடையனுடையவை என்பதை அன்றைக்கு யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இருசம்மாள் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்டதைப் பறிக்குள் போடுவாள். அவள் புருஷன் குப்பனுக்கு இருந்த ஒரே சிறு தோணி புயலில் உடைந்துவிட்டது. மனுஷன் நல்லவன். யார் அதட்டினாலும் சரி என்பான். அவளோ யார் அதட்டினாலும் ஏன் என்பாள். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் சேர்த்தது எந்தச் சாமியோ, குடித்தனம் மட்டும் நன்றாகத்தான் நடந்தது.

அவளுக்குச் சொத்து என்று இருந்தது, கோட்டைக்கு வெளியே கூடும் வாரச்சந்தையில் ஒரு பாய் அகலத்துக்கு ஓர் இடம். அவள் அம்மா உட்கார்ந்து விற்ற இடம். அந்த மீன்காரிகள் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கு இருந்தால்தான் இடம் உன்னுடையது. அடுத்தடுத்து இரண்டு சந்தை வெறும் தரையாகக் கிடந்தால், கேட்டு வருகிற முதல் ஆளுக்குப் போய்விடும். வரிசையைப் பார்த்துக்கொண்ட கிழவி காசியம்மாள் இதில் பெற்ற மகளுக்கே விட்டுக்கொடுக்க மாட்டாள்.

புதுமேட்டிலும் புதிதாக ஒரு வழக்கம் முளைத்தது. யாருடைய தோணியில் ஏறிப் போகிறாயோ, ஊர்க்கூட்டத்தில் அவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் அவர் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பங்குனியில் கூடிய கூட்டத்தில் சடையன், பழைய கரையில் இனி யாருக்கும் பாத்தியம் இல்லை என்றும், தான் அங்கே கருவாட்டுக் களம் போடப்போவதாகவும் சொன்னார். தலைகள் ஆடின. இருசம்மாள் எழுந்து நின்றாள்.

"சடையண்ணா, அது எங்க ஊடு இருந்த தரை. உன் களத்துக்கு நான் இன்னாத்துக்குத் தலையாட்டணும்?"

"என் தோணில வர்றவ நீ."

"தோணில ஏறினது என் ஒடம்பு. நாக்கை உன்னாண்ட குடுத்துட்டா ஏறினேன்?"

கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் வினையானது. அடுத்த சந்தையன்று தோணித்துறையில் சடையன் பெண்டாட்டி ராஜாத்தி குறுக்கே கையை நீட்டினாள். "தோணி ரொம்பிடுச்சி" என்றாள். தோணி பாதி காலியாகத்தான் போனது. மற்ற தோணிக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சந்தையில் இருசம்மாளின் இடம் வெறும் தரையாகக் கிடந்தது. இன்னும் ஒரு சந்தை தவறினால் அம்மாவின் இடம் போய்விடும்.

"போயி அவரு கால்ல வுழுந்துடலாம்மே" என்றான் குப்பன்.

"வுழறதுக்கு அவரு காலு. நடக்கறதுக்கு என் காலு கீதுல்ல?"

அடுத்த சந்தையன்று விடிந்ததும் ஏரியில் இறங்கினாள். கோடை தொடங்கித் தண்ணீர் வற்றியிருந்தது. இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு, தோணி ஓடுகிற தடத்தில் மட்டும் கழுத்துவரை. போகிற வழியெல்லாம் சேற்றைத் தடவிக்கொண்டே போனாள். பின்னாலிருந்து வந்த சடையனின் தோணி அவளைத் தாண்டியது. "இன்னாமே, மீனுங்களோட குடித்தனமா?" என்று ராஜாத்தி கேட்க, தோணியே கொல்லென்று சிரித்தது. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். பிறந்ததிலிருந்து யாருக்கும் பதில் பாக்கி வைக்காதவள், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அவள் விழுங்கிய வசவுகள் பறியில் இருந்த இறாலைவிட அதிகம்.

சந்தையில் அவள் இடத்துக்குப் பக்கத்தில் வேறொருத்தி கூடையோடு காத்து நின்றாள். இருசம்மாள் ஈரப் புடவையோடு போய்ப் பறியைக் கவிழ்த்தாள். இறால் உயிரோடு துள்ளியது. காத்து நின்றவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தைக்கும் இருசம்மாள் நடந்தே வந்தாள்.

சடையன் மழைக்காலத்துக்காகக் காத்திருந்தார். ஐப்பசி பிறந்து ஏரி ஏறியதும் கூட்டத்தைக் கூட்டினார். "இனிமே எப்டி நடக்கறே பாக்கலாம். ஊர் முன்னால தப்புனு சொல்லிட்டுத் தோணில ஏறு" என்றார்.

"நடக்கப்போறதில்ல. ஊட்டைப் பிரிச்சிக்கினு பழைய கரைக்கே போறேன்."

சடையனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னிக்கே இவளை ஊர் தள்ளி வெச்சாச்சி. இவ ஊட்டுக்குத் தண்ணி கிடையாது, நெருப்பு கிடையாது, தோணி கிடையாது. யாரும் பேசவும் கூடாது." தலைகள் ஆடின.

இருசம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "தண்ணியா? இந்த மேட்ல எவன் ஊட்ல தண்ணி ஊறுது? கெணறு பழைய கரையில கீது. வெறகும் அங்கருந்துதான் வருது. தோணிய நீ எப்பவோ நிறுத்திட்டே. இல்லாததையெல்லாம் எங்கிட்டருந்து புடுங்கறியே, இன்னாண்ணா இது!"

மறுநாள் காலையில் கூரைக்கு மேல் முதலில் ஏறியவன் குப்பன். வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் கேட்காமல் உச்சிக்கழியைப் பிடுங்கிக் கீழே போட்டான். கழிகளைச் சேர்த்துக் கட்டி, ஓலையும் சட்டியும் மேலே ஏற்றி, இருவரும் நீந்தித் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்ந்தார்கள். சடையன் சொன்ன களம் இன்னும் வெறும் பேச்சாகவே இருந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் குடிசை எழுந்தது.

அந்த மாதமே வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. தோணியை அவிழ்த்தால் கவிழ்த்துவிடும் காற்று. புதுமேட்டுக்காரிகள் ஒரு சந்தை வரவில்லை. அடுத்த சந்தையன்றும் காற்று ஓயவில்லை. வரிசையில் பாதி இடம் வெறிச்சோடிக் கிடந்தது. வெளியூர்க்காரிகள் கூடையோடு சுற்றி நின்று, காசியம்மாள் வாய் திறக்கக் காத்திருந்தார்கள்.

கரையோரம் தடவிய இறாலோடு நடந்து வந்த இருசம்மாள் அதைப் பார்த்தாள். அவளுக்கு உள்ளே குளுகுளு என்றுதான் இருந்தது. இல்லை என்றால் பொய். தோணியில் உட்கார்ந்து சிரித்த வாய்களெல்லாம் அங்கே மணல்மேட்டில் காற்றைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. நன்றாகக் கிடக்கட்டும். பிறகு அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவரவர் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்த இடம். சடையன் ஒரு மேட்டைக் கைகாட்டியதற்கு இத்தனை பேர் பிழைப்பும் போக வேண்டுமா? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பறிக்குள் கையை விட்டு, வெறும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி இறாலை வைத்துக்கொண்டே போனாள்.

"இன்னாமே பண்றே?" என்றாள் காசியம்மாள்.

"சரக்கு வெக்கிறேன் அத்தே. சரக்கு இருந்தா எடம் போவாதுனு நீதானே சொல்லுவே?"

காசியம்மாள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், இறாலைப் பார்த்தாள். மறுப்புச் சொல்ல வழியில்லை. கூடைக்காரிகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். வரிசைக் கடைசியில் ஓர் இடம் மட்டும் இன்னும் வெறும் தரையாக இருந்தது.

"அது ராஜாத்தி எடம்மே. உன்ன ஊர் தள்ளி வெச்சவன் பொண்டாட்டி" என்றாள் காசியம்மாள்.

"தள்ளி வெச்சது அவங்க. நான் யாரையும் தள்ளி வெக்கல" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இறாலையெல்லாம் ராஜாத்தியின் இடத்தில் கொட்டினாள் இருசம்மாள். பிறகு, ஒரு சந்தை தவறினால் இடம் போகாது என்ற தெம்பில், வெறும் பறியோடு தன் இடத்தில் போய் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.