வீட்டுக்காரரின் உயர ஷூ

என் வீட்டுக்காரரை விட நான் உயரம். அவர் எதிரே நின்றால், அவர் தலைக்கு மேலாகவே பின்சுவர்க் காலண்டரில் நான் தேதி பார்த்துவிடலாம். பெண் பார்க்க வந்த அன்று கூச்சத்தில் நான் குனிந்தபடியே காப்பித் தட்டை நீட்டினேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உயரம் தெரிந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் குனிந்தே பழகிவிட்டேன். நாலு பேர் பார்த்தால் குனிந்துகொள்கிற சுபாவம் எனக்கு முன்பே உண்டு என்பதால் அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை.

எங்கள் வீட்டில் இருக்கும் போட்டோ எல்லாவற்றிலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். பார்க்கிறவர்கள் மரியாதை தெரிந்த குடும்பம் என்பார்கள்.

அவர் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை பார்த்தவர். அங்கே கொடுத்த சேஃப்டி ஷூவுக்கு அடி கனமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் நடையே வேறு. ரிட்டயர் ஆனதும் செருப்புக்கு வந்துவிட்டார். வயதானால் மனிதர்கள் கொஞ்சம் குறுகுவார்களாம், அதுவும் சேர்ந்துகொண்டது.

அவருடைய தம்பி மகனுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். பெரியப்பா, பெரியம்மா என்ற முறையில் நாங்கள் மேடையேறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மேடையில் அவருக்கு யார் நாற்காலி போடப் போகிறார்கள்? பத்திரிகை வந்த அன்றே அவர் முகம் சரியில்லை.

"இந்த ஒரு போட்டோலயாவது நான் ஒசரமா நிக்கணும்டி" என்றார்.

"நில்லுங்க, யாரு வேணாங்குறா?"

"ஒன்ன விட."

நான் பத்திரிகையை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

போனில் ஒரு வீடியோ கண்டுபிடித்தார். ஷூவுக்குள் கட்டை வைத்து உயரம் கூட்டுவதை யாரோ இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். இவருக்கு இந்தி தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டு அவன் கையை மட்டும் பார்த்தார். மறுநாள் வீட்டிலிருந்த பழைய ஹவாய் செருப்புகளின் குதிகால் பக்கமெல்லாம் போயிற்று. அது போதவில்லை என்று என் புதுச் செருப்பும் போயிற்று. பிளேடால் வெட்டி, பஞ்சர் கடை சொல்யூஷன் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார். வீடு முழுக்க அந்த நாற்றம். சோறு கூட அப்படித்தான் மணத்தது.

முதலில் செய்ததைப் பழைய ஷூவுக்குள் வைத்துப் போட்டுப் பார்த்தார். குதிகால் ஷூவுக்கு மேலே வந்து நின்றுகொண்டது. நடந்தால் கால் மட்டும் முன்னே போயிற்று, ஷூ அதே இடத்தில் இருந்தது. பிறகு கணுக்காலை மூடுகிற மாதிரி, ஒரு அளவு பெரிய ஷூவாக வாங்கி வந்தார். கட்டையை முன்பக்கம் சரிவாக வரும்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய சாக்ஸை வெட்டி அதற்கு உறை தைத்துக் கொடுத்தது நான்.

அளவு பார்க்க என்னைக் கதவு நிலையில் சாய்ந்து நிற்கச் சொன்னார்.

"நிமிந்து நில்லு. இன்னும் நல்லா. கழுத்த ஏன் இழுத்துக்குற?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை நிமிரச் சொன்னது அன்றைக்குத்தான். பென்சிலால் கோடு போட்டார். ஷூவைப் போட்டுக்கொண்டு தானும் நின்றார். கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எல்லாத்தையும் யோசிச்சிட்டேன்" என்றார். "வீட்டுக்குள்ள ஷூவோட போவ முடியாது, கோயில்ல முடியாது, தாலி கட்டுற எடத்துலயும் முடியாது. ரிசப்ஷன் மேடை ஒண்ணுதான். அங்க யாரும் கழட்டச் சொல்ல மாட்டான்."

தினமும் மாடியில் நடந்து பழகினார். ஒருநாள் புவனகிரியிலிருந்து வந்த என் தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

"என்னா மாமா, ரிட்டயர் ஆன பிறகு வளர்றீங்களா?"

"முட்டி வலிக்கு டாக்டர் போடச் சொன்னாரு."

"அந்த டாக்டர் விலாசம் குடுங்க மாமா, எனக்கும் கொஞ்சம் வளரணும்."

இவ்வளவு யோசித்தவர் ஒன்றை மறந்தார். அதை வேறு யார் மறந்தாலும் இவர் மறந்திருக்கக் கூடாது. காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற விஷயத்தில் இவரைப் போல் கறார் யாரும் கிடையாது. கல்யாண வீட்டில் யார் விழுந்தான், யார் கும்பிட்டதோடு நிறுத்தினான் என்று கவனித்துக்கொண்டே இருப்பார். "குனிஞ்சா அவனுக்கு முதுகு ஒடஞ்சிடுமா?" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் பேச்சு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மறந்துவிட்டான் என்று சாப்பிடாமலேயே வந்தவர்.

சிதம்பரம் மண்டபத்தில் மேடைக்கு நல்ல வரிசை. நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம். கிளம்பும்போது ஒரு விரல் உயரமாக இருந்தவரின் நெற்றி இப்போது என் கண்ணுக்கு நேரே வந்திருப்பதைப் பார்த்தேன். ரப்பர் தானே, ஆள் நிற்க நிற்க அமுங்கிவிட்டது. வழக்கம்போல நான் குனிந்துகொண்டேன்.

மேடையேறினோம். பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியப்பாவைப் பார்த்ததும் குனியப் போனார்கள். என் ஓரகத்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க இருங்க. மாமா, மொதல்ல ஷூவ கழட்டிக்குங்க. புள்ளைங்க ஷூ கால்லயா வுழுவாங்க?"

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கழற்றினால் அந்த மேடையிலேயே, வீடியோ லைட்டுக்கு முன்னால், எல்லோரும் பார்க்கக் குள்ளமாகிவிடுவார். கழற்றாமல் நின்றால் பிள்ளைகளின் மூக்கு அந்தக் கட்டைக்கு நேரே வரும். ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம்பா" என்றார் சத்தமாக. "காலம் மாறிப்போச்சு. மனுசன் கால்ல மனுசன் வுழுவுறது தப்பு. எங்கிட்ட யாரும் வுழாதீங்க."

அவருடைய தம்பி வாயைத் திறந்தபடி நின்றார். பெண்ணின் அப்பா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல இப்பிடி ஒரு முற்போக்கான மனுசர நான் பாத்ததில்ல சம்பந்தி" என்றார். கீழே பையன்கள் கை தட்டினார்கள். இவர் கழுத்தை நீட்டி அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டார்.

போட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் நிமிந்து நில்லுங்கம்மா."

"நிமிருடி" என்று இவரும் காதோடு சொன்னார். ஷூமேல் அவ்வளவு நம்பிக்கை.

"முதுகு புடிச்சிக்கிச்சுப்பா, அப்பிடியே எடு" என்றேன்.

போட்டோ வந்தது. அதில் அவர் என்னை விட நல்ல உயரம். பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு எங்கள் மகள் என்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள். "இவளுக்குத்தான் வயசாயிடுச்சு, நான் அப்பிடியேதான் இருக்கேன்" என்று டாக்டரிடம் இவர் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்துப் பண்ருட்டியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். போட்டோவில்தான் ஜெயித்தாயிற்றே, அன்று சாதாரணச் செருப்பில் வந்தார். தாலி கட்டி முடிந்ததும் முன்வரிசையில் போய், பாதம் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அட்சதையோடு தயாராக நின்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தபடி வந்தார்கள். இவரிடம் வந்ததும் மாப்பிள்ளை குனியப் போனான். பொண்ணு அவன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"மாமாவுக்குப் புடிக்காதுங்க. அவரு கொள்கை அது."

மாப்பிள்ளை நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாக, இவருக்குக் கை கொடுத்தான். கையிலிருந்த அட்சதையை என்ன செய்வதென்று இவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்படியொரு கொள்கை இருப்பதாக யாரும் கேள்விப்படவில்லை. அதனால் என் காலில் இரண்டு பேரும் விழுந்தார்கள். நல்லா இருங்க என்று சொல்லித் தூக்கிவிட்டுத் திரும்பினேன். அவர் பந்திப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.