புகைக்குள் பாடிய அம்மா

இன்று காலை, சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே கொசுப்புகை அடித்தார்கள். அந்த வாடை ஜன்னல் இடுக்கு வழியே வந்ததும் வீட்டில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து முகர்ந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது சினிமா வாடை.

எண்பதுகளின் நடுவில், ஃபேரர் பார்க் பக்கம் குடியிருந்தபோது, நான் சினிமாப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அப்பா கேட்கவில்லை, பேரம் பேசினார். வருடக் கடைசியில் எடுக்கும் படத்தில் தேறாவிட்டால், மறுபேச்சில்லாமல் டைப்பிங் வகுப்பு. வீராப்பாகத் தலையாட்டிவிட்டு, என்ன படம் எடுப்பது என்று தேட ஆரம்பித்தேன்.

அப்போது டிவியில் ஆங்கிலப் பாட்டு வீடியோக்கள் வரும். ஒன்றில், வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண் வெறுங்காலோடு புகைக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வருவாள். ஏன் வருகிறாள், எங்கே போகிறாள், ஒன்றும் கிடையாது. எனக்கு மகா காவியமாகத் தெரிந்தது. என் படமும் அதுதான் என்று முடிவுகட்டினேன். கவுனுக்கு ரோசலி இருந்தாள். மேல்மாடிக்காரி, என் உயிர்த்தோழி, மாதா கோயிலில் பாடுகிறவள். அக்கா கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைக் கவுன் அவளிடம் இருந்தது. புகைக்குச் சாம்பிராணி போட்டுப் பார்த்தோம். வீடு பூராவும் வெள்ளிக்கிழமை வந்ததே தவிர சினிமா வரவில்லை. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள், வியாழக்கிழமை கொசுப்புகை என்று. அடடா, ஓசிப் புகை! ரோசலியைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

கல்லூரி கொடுத்தது சத்தம் பதியாத சின்னக் கேமரா, மூன்று நிமிட ஃபிலிம் ரோல் ஒன்றே ஒன்று. பாட்டைக் கேசட்டில் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். என்ன நடந்தாலும் நிற்காமல் நடக்க வேண்டுமென்று ரோசலியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

கொசுப்புகை அடித்தால் சாக்கடைக் கரப்பான் அத்தனையும் வெளியே ஓடிவரும் என்பது எங்கள் புளோக்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். இயக்குநருக்கு மறந்துபோய்விட்டது.

புகைக்காரர் இயந்திரத்தோடு கடந்து போனார். ரோசலி வெறுங்காலோடு நடந்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வேதனை. என்னமாய் நடிக்கிறாள் என்று பூரித்துப்போனேன். பக்கத்தில் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கால் மேல ஏறுது லா. நீ மட்டும் பாஸ் பண்ணல, கொன்னுருவேன்."

வீடியோவின் கடைசியில் புகை வானத்துக்குப் போகும். நானும் கேமராவை மேலே தூக்கினேன். மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னலில் அம்மா. புகைக்கு முன் எடுக்க மறந்துபோய், அப்பாவின் கைலி காயும் மூங்கில் கழியை உள்ளே இழுத்தபடி, என்னைப் பார்த்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். அம்மா கத்தினால் காதில் வாங்காமல் இருப்பது அந்த வயதில் எனக்குக் கைவந்த கலை. ரோல் தீர்ந்தது.

வகுப்பில் திரையிட்டபோது இரண்டு நிமிடம் வெறும் வெள்ளை. இடையில் பேய் மாதிரி ரோசலி. அப்புறம் அம்மா வந்தாள். கேசட்டில் பாட்டு சரியாக உச்சத்துக்குப் போக, அம்மாவின் வாயும் அதற்கேற்பத் திறந்து மூடியது. கையில் மூங்கிலும் கைலியுமாக அம்மா ஆங்கிலப் பாட்டை வெளுத்துவாங்கினாள். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேறிவிட்டாய், யார் இந்தப் பாடகி என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டைப்பிங் வகுப்பிலிருந்து தப்பினேன். அந்தப் பழைய புளோக்கை எப்போதோ இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் ரோசலியும் நானும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தோம், பாட்டில்லாமல். அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. புகையில் நிற்காதே என்றுதான் திட்டியிருப்பார்கள் என்றாள் ரோசலி. சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள் என்றேன் நான். அம்மா கத்தியபோது ரோசலி கரப்பானுக்குப் பயந்து படிக்கட்டுக்கு ஓடிவிட்டிருந்தாள். அது காதில் விழும்படி ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது நான் ஒருத்திதான்.