வேலைக்கு வந்தவர்கள்

ஒரு அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் என்னை இவ்வளவு கொதிக்க வைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பத்து வயது மகளை வீட்டில் வைத்துத்தான் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு வருடம் முழுக்க வாயே திறக்கவில்லை. காலையில் டீச்சருக்குப் பிரெஞ்சில் ஒரு 'பொன்ஜூர்' வணக்கம், அதோடு சரி. வீட்டில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினாள். பிரெஞ்சும் கணக்கும், பிரெஞ்சு பேசும் இந்த மாகாணம் கேட்கிறபடி நடக்கும். அமெரிக்க வரலாறு மேலதிகம். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா தன் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தாள். சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று தொடங்கினேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குசினி மேசைதான் வகுப்பறை. அன்று பருத்தித் தோட்டங்கள் பற்றிய பாடம். ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று போட்டிருந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். சங்கிலியும் இல்லை, சவுக்கும் இல்லை.

மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அவையளும் எங்கட அப்பா மாதிரி வேலைக்கு வந்தவையோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வரேல்லையடி! பிடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து வித்தவங்கள். தாயை ஒரு பக்கம், பிள்ளையை ஒரு பக்கம்!"

வெட்கம் கெட்டவர்கள். பிள்ளைகளுக்கு எழுதுகிற புத்தகத்தில் இப்படி மூடி மறைக்க எப்படித்தான் மனம் வந்ததோ? சிவப்புப் பேனையால் அந்த வரியைத் தாள் கிழியக் கிழிய வெட்டினேன்.

அதே வேகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உன் குடும்பம் சொந்த நாட்டை விட்டு ஏன் வந்தது என்று ஒரு பயிற்சி. மகள் முதல்நாளே அழகாக எழுதி வைத்திருந்தாள்: அம்மாவும் அப்பாவும் நல்ல வேலை தேடி வந்தார்கள்.

நான் சொல்லிக்கொடுத்த பதில்தான். அவளுக்கு நாலு வயதில் சொன்னது, பிறகு மாற்றவே இல்லை. பிள்ளை பயந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சொல்வதற்கு எனக்குத்தான் தெம்பு இல்லை. என் மேல் எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில்கூட புத்தகத்தின் மேல் வந்த கோபம் நிற்காது.

"இதுவும் பொய்," என்றேன்.

சொன்னேன். ஊரில் சண்டை நடந்தபோது வீட்டின் மேல் ஷெல் விழுந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த தம்பியைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கிக் கொண்டுபோனதைச் சொன்னேன். அவனுக்குப் பதினேழு வயது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"எனக்கு ஒரு மாமா! நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை. அவற்ற பேர்கூட எனக்குத் தெரியாது!"

சிவப்புப் பேனையின் மூடியைத் தேடி எடுத்து மூடினேன்.

"பேரைச் சொல்லுங்கோ!" என்று கத்தினாள்.

வாயைத் திறந்தேன். இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடச் சத்தமாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.